பாராக்காரன் மேடு, சர்வே எண் 87/3

3 பிப்ரவரி 2025, திங்கள்

ஓய்வு பெற இன்னும் நூற்று நாற்பத்தேழு நாள். எண்ணியது நானில்லை, என் வீட்டுக்காரர் பாண்டிராஜ். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனுஷன். ரிட்டையர் ஆன பிறகு கிழிக்க ஒன்றுமில்லாமல் என் நாட்களைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். சமையலறைக் காலண்டரில் ஜூன் 30ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம். "வாணி, அன்னைக்குச் சாயங்காலமே ராமேஸ்வரம் போறோம். ஜன்னல் சீட்டு எனக்கு" என்றார். போகட்டும், பாவம்.

ஆபீஸில் இன்றும் லிஃப்ட் இல்லை. மூன்று மாடி ஏறுவதற்குள் முழங்கால் என்னை வைது தீர்த்துவிட்டது. வெயிலில் சங்கிலி இழுத்து நிலம் அளந்த காலத்தில் வராத வலி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வந்திருக்கிறது.

11 பிப்ரவரி, செவ்வாய்

ஒரு கோப்பு வந்தது. ஆலங்கரடு கிராமம், சர்வே எண் 87/3, பதினெட்டு சென்ட், அரசு புறம்போக்கு, கல்லாங்குத்து, அதாவது கல்லுத் தரிசு. பக்கத்து நிலத்தையும் சேர்த்து நெல் மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டப் போகிறார்கள். "மேற்படி இடத்தில் சமாதியோ வழிபாட்டுத் தலமோ இல்லை" என்று நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆலங்கரடு என் சொந்த ஊர். 87/3 என்பது பாராக்காரன் மேடு. அதைக் கல்லாங்குத்து என்று 1993இல் எழுதியவளும் நானேதான். பழைய படத்தின் மூலையில் கையெழுத்து இருக்கிறது, இசைவாணி என்று, வயசுக்கேற்ற அலட்டலோடு.

கோப்பை மற்றக் கோப்புகளுக்கு அடியில் சொருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

12 பிப்ரவரி, புதன்

சோற்றுக்கு உலை வைத்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த கதைதான். இருந்தாலும் எழுதிப் பார்க்கத் தோன்றுகிறது.

எந்த ராஜா பட்டாளமோ, எந்தக் கம்பெனிப் பட்டாளமோ தெரியாது. திண்டுக்கல் பக்கமிருந்து வந்து தெற்கே போனதாம். ஊர் ஓரத்தில் கூடாரம் போட்டிருந்தபோது பேதி கண்டு இருபத்து மூன்று சிப்பாய்கள் விழுந்துவிட்டார்கள். மற்றவர்கள் அவர்களை வரிசையாகப் புதைத்து ஆளுக்கொரு கல் நட்டார்கள். கிளம்பும்போது தளபதி அந்தக் கற்களைப் பார்த்து, "இங்கனயே பாரா நில்லுங்க, மாத்தாளு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். மாற்றாள் வரவேயில்லை. அதனால் அவர்கள் இன்னமும் பாரா நிற்கிறார்கள். காவலுக்கு நிற்கிறவன் யாரது என்று கேட்பான் இல்லையா? அதனால் மேட்டைத் தாண்டுகிறவர்கள் தன் பேர், தகப்பன் பேர், போகிற காரியம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அப்பா கூலிக்குப் போகும் வழி அது. நான் பள்ளிக்கூடம் போகும் வழியும் அதுதான். மேலத்தெருவில் அப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏலேய்", "இந்தாப்பா", அதோடு சரி. மேட்டுக்கு வந்ததும் நிற்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். "மொக்கைச்சாமி, சடையன் மகன், கருதறுக்கப் போறேன்." அந்தக் குரலை வீட்டில்கூட அவர் எடுத்ததில்லை. அப்புறம் என்னைப் பார்ப்பார். நான் கத்துவேன்: "இசைவாணி, மொக்கைச்சாமி மக, மூணாப்புப் படிக்கப் போறேன்." அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும்.

அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்க மாட்டோமா என்று இருக்கிறது. அறுபது வயசாகப் போகிறவள் எழுதுகிற எழுத்தா இது? உலை கொதித்துவிட்டது.

13 பிப்ரவரி, வியாழன்

1993ஐயும் எழுதிவிடுகிறேன்.

மறு அளவைக்கு என்னை என் ஊருக்கே போட்டார்கள். இருபத்தெட்டு வயது. கூலிக்காரன் மகள் மேலத்தெரு வயலில் சங்கிலி இழுப்பதைப் பார்க்க வரப்பெல்லாம் ஆள். 87/3 வந்தபோது இடுகாடு என்று எழுதப் பென்சிலை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்துவிட்டார். "அவங்க நிக்கிறாங்கம்மா. நிக்கிறவங்களப் படுக்கப் போட்டு எழுதாத." மேலத்தெருக்காரர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு தெருவும் ஒரே பேச்சாக நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எழுதவில்லை. சர்வே டிரெயினிங் முடித்தவள் நான், ஆனாலும் அவர்கள் சொன்னதை நம்பினேன். இருபத்து மூன்று கல்லையும் படத்தில் காட்டாமல் கல்லாங்குத்து, தரிசு என்று போட்டேன். கல் இருக்கிறதே, பொய்யில்லையே என்று எனக்கு நானே வக்கீல். இடுகாடு என்று இருந்தால் ஒருத்தரும் கை வைக்க முடியாது, கல்லாங்குத்தில் யாரும் எதையும் கட்டலாம். அது அப்போதே எனக்குத் தெரியும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து ஊருக்குப் போனேன். வழியெல்லாம் பிளாட் கொடி. மேட்டில் செல்லத்தாய் நின்றிருந்தாள். மேலத்தெருக்காரி, அஞ்சாப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். மேட்டருகே வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட்டுக்குள்ளேயே, "சுபலட்சுமி, ஜெயராமன் மக, செமஸ்டர் எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செல்லத்தாயிடம் விஷயத்தைச் சொன்னேன். "கிட்டங்கி வந்தா நல்லதுதாண்டி, நெல்லு நனையாது. அதுக்குன்னு இங்கனதான் கட்டணுமாக்கும்? நீதான எழுதுன, நீயே மாத்து" என்றாள்.

"மாத்தி என்னன்னு எழுத?"

"உள்ளத எழுது."

"செத்தவங்களப் பொதச்ச எடம்னு எழுதணும்."

"வாயக் கழுவுடி" என்றாள்.

4 மார்ச், செவ்வாய்

எனக்குக் கீழே வேலை பார்க்கும் ஜெயபாண்டி நல்ல பையன், முப்பது வயது, எல்லாவற்றுக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பான். "மேடம், மெடிக்கல் லீவு போட்டுருங்க. கோப்பு வேற ஆளுகிட்டப் போயிரும். அவங்க கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டுருவாங்க. நீங்க எதுவும் பண்ணுன மாதிரியே ஆகாது" என்றான்.

உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தெரிஞ்சே தப்பா எழுதுனேன்னு நீங்களே ஒத்துக்கிட்டா சும்மா விடுவாங்களா? கடைசி நாள் சாயங்காலம் ஓய்வு பெற அனுமதி இல்லைன்னு ஆர்டர் வரும். அப்புறம் விசாரணை முடியிற வரைக்கும் பென்ஷனுக்கு அலைய வேண்டியதுதான்."

வீட்டில் சொன்னேன். இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "முப்பத்தாறு வருசம் ஒரு மெமோ வாங்காதவ நீ. இப்ப யாருக்காக? எந்த ஊருக்காரனோ, என்னைக்குச் செத்தவனோ."

"செத்தவன்னு சொல்லாதீக" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

5 மார்ச்

லீவு படிவத்தை நிரப்பிவிட்டேன். பையில் இருக்கிறது.

9 மார்ச், ஞாயிறு

போய் அளந்தேன். ஜெயபாண்டி தானாகவே டேப்போடு வந்து நின்றான், கேட்காமல். இருபத்து மூன்று கல். முன் வரிசை பன்னிரண்டு, பின் வரிசை பதினொன்று. கல்லுக்குக் கல் நாலரை அடி. நூல் பிடித்துப் பார்த்தோம், ஒரு விரல்கூட விலகவில்லை. பேதியில் ஆள் ஆளாக விழுந்துகொண்டிருக்கும்போது, பின்னாலேயே தனக்கும் வருமோ என்ற பயத்தில் நின்றுகொண்டு, எவனோ ஒருத்தன் அளந்து புதைத்திருக்கிறான். அவனும் என் தொழில்காரன். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதை நான் அளக்காமல் விட்டேனே, எம்புட்டுப் பெரிய கழுதை நான்.

லீவு படிவத்தைக் கிழித்துவிட்டேன்.

17 மார்ச், திங்கள்

அறிக்கை கொடுத்துவிட்டேன். "மேற்படி இடத்தில் இருபத்து மூன்று புதைகுழிகள் உள்ளன. 1993ஆம் ஆண்டு அளவையின்போது இவற்றை நான் அறிந்தே படத்தில் காட்டாமல் விட்டேன். பதிவை இடுகாடு எனத் திருத்தப் பரிந்துரைக்கிறேன்." படமும் இணைத்திருக்கிறேன். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் மூணு மாசந்தானேம்மா இருக்கு?" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2 ஏப்ரல், புதன்

மெமோ வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் கேட்டு. இவர் வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

23 ஏப்ரல், புதன்

ஆலங்கரட்டில் விசாரணை. பெரிய ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். இரண்டு தெரு ஆட்களும் புங்க மரத்தடியில். எனக்கு ஒரே ஒரு வேலை, வாயைத் திறக்காமல் நிற்பது. எனக்கு அது எம்புட்டுக் கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

"இங்க ஆட்களைப் புதைச்சிருக்கா?" என்று கேட்டார்.

"புதைச்சிருக்கு தாயி" என்றது ஊர்.

"அப்போ இது இறந்தவங்களோட இடம். அப்படித்தானே?"

"இல்ல தாயி."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மேலத்தெருக் காசிமாயன் அண்ணன் எழுந்தார், எழுபது தாண்டியவர். "எங்கய்யாவத் தூக்கிக்கிட்டு இந்த வழியாத்தாம்மா போனோம். பாடைக்கு முன்னாடி போன ஆளு எங்கய்யா பேரச் சொல்லி, சுடுகாட்டுக்குப் போறாருன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. செத்தவங்கிட்டப் போயி எவனாச்சும் கேதம் சொல்லுவானா?" எங்கள் தெரு ஆட்களும் தலையாட்டினார்கள்.

"உயிரோட இருக்கிறவங்களுக்கு நான் இடுகாடு எழுத முடியாது ஐயா" என்றார் அந்த அம்மா. கிண்டலாகச் சொல்லவில்லை. மே மாதம் முடிவதற்குள் ஊரார் எழுத்தில் கொடுத்தால் பார்ப்பதாகவும், இல்லையென்றால் கிட்டங்கிதான் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செல்லத்தாயைப் பார்த்துக் கத்திவிட்டேன்: "உங்க எல்லார் பேச்சையும் கேட்டுத்தான்டி அன்னைக்கு எழுதாம விட்டேன். இன்னைக்கு என் பென்ஷனையும் தூக்கி வச்சுட்டு எழுதியிருக்கேன். செத்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"உனக்கு வருமாடி?" என்று கேட்டாள்.

எழுத்தில் வந்தது. வாயில் வருமா என்று தெரியவில்லை.

11 மே, ஞாயிறு

அழகர் ஊருக்குள் வரும் எதிர்சேவை. தல்லாகுளம் முழுக்கத் தலையாகத் தெரிகிறது. அந்தக் கூட்டத்தில் நசுங்கி, தலையில் வைத்த பூவெல்லாம் உதிர்ந்து செல்லத்தாய் வீட்டுக்கு வந்தாள். அழகரைப் பார்க்க வந்தேன் என்றாள். பார்த்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தாள். புளிசோறு வைத்தேன். சாப்பிட்டாள். ஐம்பத்து நாலு வருடப் பழக்கம், என் வீட்டுத் தட்டில் அவள் கை வைத்தது இன்றைக்குத்தான். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

கை கழுவிவிட்டுச் சொன்னாள். "மாத்தாளு வரலன்னுதான அவங்க நிக்கிறாங்க? நாம மாத்தாளாப் போனா என்னடி? பாராவ நாம வாங்கிக்கிட்டு அவங்கள அனுப்பிருவோம். அனுப்பிட்டா அப்புறம் கருமாதி பண்ணலாம். கருமாதி பண்ணுனா செத்தவங்கன்னு எழுதிக் குடுக்கலாம்."

ஆபீஸில் நாங்கள் இதைத்தான் சார்ஜ் ஒப்படைப்பது என்கிறோம். எனக்கு ஏன் தோன்றவில்லை?

"ஊர் ஒத்துக்குமா?"

"காசிமாயன் மாமா ஒத்துக்கிட்டாரு. ஒரே சிக்கல், யாரு யாருக்கு வாரிசா நிக்கிறதுன்னுதான். அவுக அம்புட்டுப் பேரும் எங்க ஆளுகன்னு எங்க தெரு சொல்லும், உங்க தெரு உங்க ஆளுகன்னு சொல்லும்."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் தலையைத் தூக்கினார். "குலுக்கிப் போடுங்க. எந்தக் கல்லு எந்தச் சாதின்னு அவங்களே சொல்லலையே" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் இந்த விஷயத்தில் பேசிய முதல் பேச்சு.

25 மே, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே எல்லாரும் மேட்டில். இருபத்து மூன்று சீட்டு ஒரு சொம்பில். பன்னிரண்டு எங்கள் தெருவுக்கு விழுந்தது, பதினொன்று மேலத்தெருவுக்கு. காசிமாயன் அண்ணனுக்கு ஒரு பக்கம் எங்கள் தெரு முனீஸ்வரி மகன், மறுபக்கம் எங்கள் தெரு டீக்கடைச் சிவக்குமார். யாரும் மாற்றிக் கேட்கவில்லை.

பொம்பளைக்குச் சீட்டுக் கிடையாது என்று யாரோ சொன்னார்கள். செல்லத்தாய் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அளந்தவளுக்கு ஒண்ணு உண்டு" என்றாள். எனக்குப் பின் வரிசையில் நாலாவது கல்.

ஒவ்வொருவரும் தன் கல் முன்னால் நின்று பேர் சொன்னோம், தகப்பன் பேர் சொன்னோம். காரியம் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாரும் ஒன்றையே சொன்னோம்: "பாரா மாத்த வந்துருக்கேன். நீங்க போகலாம்." பிறகு தண்ணீர் விட்டு, பிண்டம் வைத்தோம். ஆண்களுக்கு வாரிசுத் தலைப்பாகையாக உருமால் கட்டினார்கள். எனக்கு ஒரு புதுத் துண்டைத் தோளில் போட்டார்கள்.

2004இல் அப்பா போனபோது நான் ஒரே மகள். கொள்ளிச்சட்டி எடுத்தது பெரியப்பா மகன். உருமால் அவனுக்குத்தான் கட்டினார்கள். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தேன். இன்று அந்தக் கல் முன்னால் உட்கார்ந்து, யார் பெற்ற பிள்ளைக்கோ தண்ணீர் விடும்போது, அப்பா அப்பா என்றுதான் வாயில் வந்தது. இருபத்தொரு வருடத்து அழுகையை அழுது தீர்த்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு எப்படி எழுந்து போவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படியே நின்றோம். கடைசியில் இவர்தான், பின்னாலிருந்து, பழக்க தோஷத்தில், மெதுவாக, "போலாம், ரைட்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நடக்கத் தொடங்கினோம்.

28 மே, புதன்

ஊரார் மனு போய்விட்டது. நூற்றுப் பதினாறு கையெழுத்து, கைநாட்டு சேர்த்து. "இறந்த சிப்பாய்கள்" என்று செல்லத்தாய் தன் கையால் எழுதியிருக்கிறாள்.

30 ஜூன், திங்கள்

சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஆர்டர் வந்தது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருப்பதால் ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை. தற்காலிகப் பணி நீக்கம்.

மேசையில் மாலை, கேக், சமோசா எல்லாம் தயாராக இருந்தன. ஜெயபாண்டி பொன்னாடையைப் பிரித்த கையோடு நின்றான், போடுவதா மடிப்பதா என்று தெரியாமல். "உன் கல்யாணத்துக்கு வச்சுக்கய்யா. சமோசாவ எடு, ஆறுது" என்றேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் இரண்டு சாப்பிட்டேன். படி இறங்கும்போதுதான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கீழே இவர் வண்டியோடு நின்றிருந்தார். ஆர்டரை நீட்டினேன். படித்துவிட்டுப் பையில் வைத்தார். "சரி, ஏறு" என்றார்.

4 ஜூலை, வெள்ளி

ஜெயபாண்டி போனில் படித்துக் காட்டினான். கிட்டங்கி வேறு இடத்துக்கு. 87/3, இடுகாடு, புதைகுழிகள் இருபத்து மூன்று. மூன்று முறை படிக்கச் சொன்னேன்.

17 ஜூலை, வியாழன்

காலையில் செல்லத்தாய் போனில் பேசினாள். மேட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்களாம், பச்சைப் போர்டும் வைத்திருக்கிறார்களாம். "சோக்காத்தான் இருக்கு" என்றாள். என் விசாரணை என்ன ஆச்சு என்று கேட்டாள். அது அப்படியேதான் கிடக்கிறது என்றேன்.

"பூ எடுத்துக்கிட்டு அந்த வழியாத்தாண்டி வந்தேன்" என்றாள். "நின்னுட்டேன். வாய் வரைக்கும் பேரு வந்துருச்சு. யாருகிட்டச் சொல்ல? அவங்களத்தான் அனுப்பிட்டோம். பாராவ நாமதான் வாங்கிருக்கோம். நமக்கு நாமளே சொல்லிக்கிறதா? சொல்லாமத்தான் வந்தேன். ஸ்கூட்டில ரெண்டு மூணு புள்ளைக போச்சு, அதுகளும் சொல்லல. பூ மார்க்கெட்டு வரைக்கும் ஒருத்தரும் என்னைய யாருன்னு கேக்கலடி."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை.